பாலைவன அடிவாரத்துக்கு ஆர்.வி.யில் போகிறீர்களா? டயரின் வயதைப் பாருங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சூப்பர்ஸ்டிஷன் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் அப்பாச்சி ஜங்ஷன். அங்கே ஆர்.வி.யில், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில், போக நினைப்பவர்கள் முகாமிடத்தைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுகிறார்கள். டயரின் வயதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆர்.வி. டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். தரையில் படும் பட்டன் புதிதுபோல இருக்கும். ரப்பர் உள்ளுக்குள் காய்ந்து போயிருக்கும். பக்கவாட்டில் 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெளிப்பக்கம் அது இல்லையென்றால், வண்டிக்கு அடியில் போய் டார்ச் அடித்து உள்பக்கம் தேடுங்கள். ஆறு வயது தாண்டிய டயரோடு பாலைவனத்துக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்வோம்.

காற்றைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், வெயில் படாத டயரில் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கும். அது இயல்பு. பயந்துபோய் காற்றை இறக்கினால் டயர் தளர்ந்து, பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி, இன்னும் சூடேறி வெடிக்கும். பாரமும் இதே வேலையைத்தான் செய்யும். 50 கேலன் தண்ணீர் மட்டுமே சுமார் 190 கிலோ. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடைமேடையில் நிறுத்தி, ஒவ்வொரு அச்சின் எடையையும் வண்டியில் ஒட்டியிருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள்.

கிழக்கே குளோப் என்ற ஊரிலிருந்து யு.எஸ். 60 நெடுஞ்சாலை வழியாக வந்தால், சுப்பீரியர் ஊருக்கு முன்னால் நல்ல இறக்கம். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, வேகம் ஏறியதும் மறுபடி அழுத்துங்கள். தீய்ந்த வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

முகாமில் இன்னொரு தொல்லை. பிற்பகலில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது 120 வோல்ட் மின்சாரம் தணியும். வோல்ட் குறைந்தால் கம்ப்ரஸர் கூடுதல் ஆம்பியரை இழுத்துச் சூடாகும். மின்னழுத்தம் திடீரென எகிறுவதிலிருந்து காக்கும் சாதாரண சர்ஜ் புரொடெக்டர் இதைத் தடுக்காது. 104 வோல்ட்டுக்குக் கீழே தானே துண்டிக்கும் கருவியை வாங்குங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை போவதே நல்லது. கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மழைக்காலம் என்பதால் வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளமும் வரும். தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கிச் சிக்கினால், மீட்புச் செலவை ஓட்டுநரிடமே வசூலிக்க அரிசோனா சட்டம் இடம் தருகிறது. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் வையுங்கள்.

அப்பாச்சி டிரெயில் சாலையைப் பார்க்க ஆசையிருந்தால் ஆர்.வி.யை முகாமிலேயே விட்டுச் சிறிய காரில் போங்கள். அந்தச் சாலையில் வரும் டார்ட்டில்லா ஃபிளாட் என்ற சிற்றூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து மண்சாலை தொடங்கிவிடும். அதில் பெரிய வண்டியைத் திருப்புவதே பெரும்பாடு.