ஜன்னலை மூடினாலும் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள்

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் வந்தபோது, காக்கி புக்கிட் வட்டாரத்தில் இருந்த எங்கள் சிறிய அலுவலகம் மொத்தமும் வீட்டுக்குப் போய்விட்டது, ஆனால் கணக்கு மென்பொருள் அங்கிருந்த ஒரே சர்வரில்தான் இருந்தது. பன்னிரண்டு பேரும் அவரவர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து, தூரத்துக் கணினியின் திரையை நம் கணினியில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் போனோம். ஒரு நாள் மாலை சர்வர் நகரவே இல்லை. “தம்பி, நாலு பேர்தானே வேலை பார்க்கிறோம், ஏன் இப்படி இழுக்குது?” என்று கணக்குப் பிரிவு அக்கா போனில் கேட்டார்.

வேலை பார்த்தது நாலு பேர்தான். ஆனால் சர்வருக்குள் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் உங்கள் மடிக்கணினிக்கு வருவது பெரும்பாலும் படம்தான். திரையில் மாறிய பகுதிகளைச் சர்வர் சுருக்கி அனுப்புகிறது, நீங்கள் தட்டுவதும் மவுஸை நகர்த்துவதும் திரும்பிப் போகின்றன (வழக்கமாக 3389 என்று எண்ணிட்ட நுழைவாயிலான போர்ட் வழியாக). வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் விண்டோஸ் ஒரு செஷனை, அதாவது தனி அமர்வை, திறந்து எண் கொடுக்கும், அந்த எண்ணின் கீழ் அவருக்கென்று தனி டெஸ்க்டாப், தனி எக்செல்.

சரி, அந்த ஜன்னலின் மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் என்ன ஆகும்? படம் வருவது நிற்கும், அவ்வளவுதான். செஷன் ‘டிஸ்கனெக்டட்’ நிலைக்குப் போகும், திறந்த எக்செல் நினைவகத்தைப் பிடித்தபடி அங்கேயே இருக்கும். இது பிழை இல்லை, எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு: எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குள் இணைப்பு அறுந்தாலும், அடுத்த நிலையத்தில் மறுபடி நுழைந்தால் பாதி அடித்த வரி அப்படியே காத்திருக்கும். உண்மையில் வெளியேற ‘சைன் அவுட்’தான் வழி.

சர்வரில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்டில் ‘குவெரி யூசர்’ (query user) என்று அடித்தால் யார் யார் உள்ளே, எத்தனை நேரமாகச் சும்மா இருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். ‘லாக்ஆஃப்’ (logoff) என்று அடித்துப் பக்கத்தில் செஷன் எண்ணைப் போட்டால் அந்த ஆள் வெளியே. ஆனால் சேமிக்காத வேலையும் கூடவே போய்விடும், அதனால் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போயிருந்த மற்ற எட்டு பேருக்கும் முதலில் போன் பண்ணினேன், தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அப்புறம் டிஸ்கனெக்ட் ஆன செஷன் இரண்டு மணி நேரத்தில் தானாக முடியும்படி எல்லை வைத்தோம். பதினைந்து நிமிடம் என்று வைத்தால் சாப்பிடப் போனவரின் வேலை காணாமல் போகும். இந்த எல்லை ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமையும் விட்டுவைக்காது. இரவு முழுக்க ஓடும் அறிக்கையைத் தொடங்கிவிட்டு ஜன்னலை மூடிப் படுக்கும் ஒருவர் எங்களிடம் இருந்தார், அவர் கணக்குக்கு மட்டும் எல்லையை எடுத்துவிட்டோம்.