மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவா?

மனநலப் பிரிவில் நான் பார்க்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே, கூட வந்த அம்மாவோ கணவரோ மெதுவாகக் கேட்பார்: "டாக்டர், ஜெபம் பண்ணின பிறகும் மாத்திரை போட்டா அது அவிசுவாசம்னு சபையில சொல்றாங்களே?"

இடறல், அதாவது இன்னொருவர் விசுவாசத்தில் தடுக்கி விழ நாம் காரணமாவது, என்றதும் நம் சபைகளில் பலருக்கும் நினைவுக்கு வருவது தோடு, பூ, புடவையின் பளபளப்பு, அப்புறம் சினிமா. "உனக்குச் சுகம் கிடைச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று ஒரு நோயாளியிடம் சொல்வதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய இடறல் இல்லை.

முதலில் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், நிற்காத தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இருமுனை மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர் சட்டென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும். முதல் வகை சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களே போதும், உயிர் போய்விடும்.

ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது இதற்கு அடுத்து நடப்பது. நோய் திரும்பியதும் அவர் அதைத் தன் பாவத்தின் விளைவு என்றே எடுத்துக்கொள்கிறார். "எல்லாரும் உபவாசமிருந்து ஜெபிச்சாங்க, நான்தான் கெடுத்துட்டேன்" என்பார். ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவருக்கு இது இன்னொரு சுமை. ஆராதனைக்குப் போவது குறையும், பிறகு நிற்கும். கடைசியில் வேதத்தையே திறக்க மாட்டார். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லை (மாவரைக்கும் பெரிய கல்லை) கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று இயேசு சொன்னது (மத்தேயு 18:6) இப்படி விழுந்துபோகிறவர்களை மனதில் வைத்துத்தான்.

கொரிந்து சபையில் விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்று பிரச்சினை. சாப்பிட்டவர்களின் வாதத்தில் தவறில்லை என்று அந்தச் சபைக்கு எழுதிய அப்போஸ்தலன் பவுலே ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் பலவீனமுள்ள சகோதரன் அதனால் கெட்டுப்போவான் என்றால் நான் என்றைக்கும் மாம்சம் தின்னமாட்டேன் என்கிறார் (1 கொரிந்தியர் 8). சரியான உபதேசத்துக்கே அவ்வளவு கட்டுப்பாடு! மாத்திரையை நிறுத்தச் சொல்வது சரியான உபதேசம்கூட அல்ல. எசேக்கியா ராஜாவின் பிளவைக் கட்டிக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்ன பவுல், கூடப் பயணித்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். அவரோடு கடைசிவரை இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

எதிர்ப்பக்கத்திலும் இடறல் உண்டு. படித்த விசுவாசிகளும் என் சக மருத்துவர்கள் சிலரும் எண்ணெய் பூசி ஜெபிப்பதைக் கேலி செய்வார்கள். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக்கூடாது என்பது (ரோமர் 14:3) இவர்களுக்கும் பொருந்தும். ஜெபத்தால் தூக்கமும் தைரியமும் கிடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜெபத்தை நிறுத்தச் சொல்லி நான் யாருக்கும் எழுதிக்கொடுத்ததில்லை.

போதகர்களிடம் நான் கேட்பது இதுதான். சாட்சி நேரத்தில் யாராவது "மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுட்டேன்" என்றால் உடனே அல்லேலூயா சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் இன்னொரு நோயாளி உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்தினாரா என்று மைக்கிலேயே கேளுங்கள். வீட்டு ஜெபத்துக்குப் போனால், ஜெபித்து முடித்ததும் "மருந்து தவறாம எடுக்கிறீங்களா?" என்றும் விசாரியுங்கள். நீங்கள் கேட்டால் அவருடைய குற்ற உணர்வு பாதி குறையும். நான் கேட்டால் அவ்வளவு குறையாது.

ஏற்கெனவே நிறுத்தியவர் என்றால் திட்டாமல் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இன்சுலினோ வலிப்பு மாத்திரையோ என்றால் அன்றைக்கே. பழைய அளவை நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். வண்டியில் போகும்போது ஜெபிக்கலாம்.