கூடுதலாக ஊற்றும் எண்ணெயும் கியர்பாக்ஸைக் கெடுக்கும்

மலேசியாவின் பெர்னாம் ஆற்றங்கரையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊத்தான் மெலிந்தாங்கில், தோட்டத்து டிராக்டர்களும் மீன்பிடிப் படகுகளும் ஒரே பட்டறைக்குத்தான் பழுதுபார்க்க வருகின்றன. இந்த மாதமும் ஒரு படகின் கியர்பாக்ஸைத் திறந்தோம். கிளட்ச் தட்டுகள் கறுத்து, உராய்வுப் பரப்பு தேய்ந்து வழவழப்பாகி, எண்ணெயில் தீய்ந்த வாடை அடித்தது. "எண்ணெயைக் குறையவே விட்டதில்லை அண்ணே, எப்போதும் கோட்டுக்கு மேலேதான் ஊற்றி வைப்பேன்" என்றார் படகுக்காரர். அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கோட்டுக்கு மேலே நின்ற எண்ணெய்தான் தட்டுகளைத் தீய்த்தது. இதே பதிலை இதற்கு முன்பும் பலரிடம் கேட்டுவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணெய் குறைந்தால்தான் கெடுதல், கூடினால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இங்கே அசைக்க முடியாததாக இருக்கிறது. ஹைட்ராலிக் கியர்பாக்ஸில் எண்ணெயின் வேலை பற்களுக்கு மசகாக இருப்பது மட்டுமல்ல; பம்ப் கொடுக்கும் அழுத்தத்தோடு கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும் அதே எண்ணெய்தான். அளவுக்கு மேல் ஊற்றினால், சுழலும் பற்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கி அதைக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரை என்றால் எண்ணெயோடு கலந்த காற்று. காற்றைப் பம்ப் உறிஞ்சினால் அழுத்தம் நிலைக்காது, தட்டுகள் வழுக்கும், வழுக்கும் தட்டு சூடேறித் தீயும். இதற்கிடையே, வெப்பத்தால் விரிந்த எண்ணெய் மூச்சுத்துளை வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் வெளியே கசியும். கசிவைப் பார்த்த உரிமையாளர், எண்ணெய் குறைகிறது என்று பயந்து மேலும் ஊற்றுவார். எண்ணெய் குறைந்து போனாலும் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், தட்டுகள் இதே போலத்தான் தீயும். ஆகவே தயவுசெய்து, "பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட" என்ற பேச்சே வேண்டாம். டிப்ஸ்டிக்கில், அதாவது எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில், இரண்டு கோடுகள் இருந்தால் அவற்றுக்கு இடையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பலர் கோட்டைத் தாண்டி ஊற்றுவதற்குக் காரணம், அளவு பார்க்கும் முறையிலேயே இருக்கும் பிழை. பெரும்பாலான சிறிய ஹைட்ராலிக் கியர்பாக்ஸுகளில், சற்று நேரம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு எஞ்சினை நிறுத்தி உடனே பார்க்க வேண்டும். வெகுநேரம் விட்டுவிட்டால், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரிலும் குழாய்களிலும் இருந்த எண்ணெய் கீழே இறங்கி, அளவு கூடியது போலக் காட்டும். சில பெரிய கியர்பாக்ஸுகளிலோ நியூட்ரலில் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கச் சொல்லியிருப்பார்கள். டிப்ஸ்டிக்கின் தலையில் மரை இருந்தால் இன்னொரு சிக்கல்: சில மாடல்களில் அதைத் திருகாமல், துளையின் விளிம்பில் உட்காரவைத்துத்தான் அளக்க வேண்டும், சிலவற்றில் முழுவதும் திருக வேண்டும். திருக வேண்டியதைத் திருகாமல் அளந்தால் குறைவாகக் காட்டும், நீங்களும் ஊற்றுவீர்கள். படகு கரையில் ஏற்றப்பட்டு மூக்கு தூக்கி நிற்கும்போது அளப்பதில் பயனே இல்லை, தண்ணீரில் மிதக்கும்போது அளங்கள். உங்கள் கியர்பாக்ஸுக்கு எது சரி என்பது அதன் கையேட்டில் இருக்கிறது. கையேடு தொலைந்து போயிருந்தால், பித்தளைத் தகட்டில் உள்ள மாடல் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு வாருங்கள், தேடித் தருகிறோம்.

எஞ்சின் எண்ணெய் ஓரளவு எரிந்து குறையும், ஆனால் கியர்பாக்ஸ் எண்ணெய் எரிவதில்லை. குறைந்தால் அது எங்கேயோ வெளியேறியிருக்கிறது. ஊற்றுவதற்கு முன், படகின் அடித்தளத்தில் தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள். கடல்நீர் ஏறி இறங்கும் எங்கள் ஆற்றில் கூலரின் உள்குழாய்கள் அரித்து ஓட்டையாவது வழக்கம். ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், அது குளிர்விக்கும் தண்ணீரோடு கலந்து ஆற்றில் போய்விடும். நின்ற பிறகு அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். கூலரில் அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகத் துண்டு பொருத்தியிருந்தால், அது கரைந்து தீரும் முன்பே மாற்றுங்கள்.

எண்ணெய் வகையில் பிடிவாதம் கூடாது. கியர் என்றாலே 90 எண் எண்ணெய் என்று டிராக்டரில் கைப்பழகியவர்கள் எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். கிளட்ச் தட்டு உள்ள கியர்பாக்ஸில் அது தட்டுகளை வழுக்க வைக்கும். ஒரே நிறுவனத்தின் மாடல்களுக்கிடையேகூட வேறுபாடு உண்டு: யன்மார் கேஎம்2பி எஞ்சின் எண்ணெயைக் கேட்கும், கேபிடபிள்யூ20 ஏடிஎஃப் எனப்படும் தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயைக் கேட்கும்.

டிப்ஸ்டிக்கைத் துடைக்கும்போது வெள்ளைத் துணியைப் பயன்படுத்துங்கள், நிறம் தெளிவாகத் தெரியும். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றைக்குக் கடலுக்குப் போகாதீர்கள். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவதும் வேண்டாம்; கூலரைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்து ஓட்டையை அடைத்த பிறகு, புது எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, வடித்து, வெண்மை போகும் வரை அதைத் திரும்பச் செய்யுங்கள். உப்புநீரில் ஊறிய தட்டுகளை எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறோமோ அவ்வளவு மிஞ்சும். ஆகவே வார இறுதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.