நீலத் தீ பார்க்கப் போகும் முன்: இஜென் எரிமலையும் நம் மூச்சும்

பாலித் தீவுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் ஓர் இரவு இஜெனுக்கு என்று ஒதுக்கப்படுவதைப் பார்க்கிறோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வேன் ஏறி, தீவின் மேற்கு முனையில் உள்ள கிலிமானுக்கில் படகு பிடித்து, கிழக்கு ஜாவாவில் இறங்கி, பல்துடிங் சோதனைச் சாவடியிலிருந்து மலையேறி, விடியுமுன் எரிமலை வாய்க்குள் எரியும் நீலத் தீயைப் படமெடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அழகான திட்டம்தான். ஆனால் அந்தத் தீ என்ன என்பதை நுழைவுச் சீட்டு சொல்வதில்லை.

அது எரிமலைக் குழம்பு அல்ல. பாறை வெடிப்புகளிலிருந்து 600 டிகிரி வரை சூட்டோடு வெளியேறும் கந்தக வாயு காற்றைத் தொட்டதும் பற்றி எரிகிறது. அதுதான் நீலமாகத் தெரிகிறது. கந்தகம் எரிந்தால் கிடைப்பது கந்தக டை ஆக்சைடு. அதாவது, நாம் ரசிக்கும் காட்சியே நச்சு வாயு உற்பத்தியாகும் காட்சி. தீ பெரிதாக எரிகிற இரவு நல்ல படம் கிடைக்கும் இரவு. மூச்சுக்கு மோசமான இரவும் அதுவே.

எரிமலை என்றதும் குழம்பு வழிந்து வந்து பிடித்துவிடும் என்று பயப்படுவோம். இஜெனில் சுற்றுலாப் பயணிக்கு ஆபத்து வேறு மூன்று வழிகளில் வருகிறது: காற்று, எரிமலை வாயில் உள்ள ஏரிக்கு அடியிலுள்ள நீர், காலடியில் உள்ள விளிம்பு.

மூக்கை நம்ப முடியாத இடம்

கந்தக டை ஆக்சைடின் நெடி நமக்குப் பழக்கமானதுதான். தீக்குச்சி உரசும்போதும் தீபாவளி இரவில் தெருவிலும் வருகிற அதே காரமான நெடி. கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. அதனால்தான் கண் எரிகிறது, இருமல் வருகிறது. ஆரோக்கியமானவருக்கு இது எரிச்சல். ஆஸ்துமா உள்ளவருக்கு, அதுவும் மேடேறி வேகமாக மூச்சு வாங்கும்போது, பத்து லட்சத்தில் அரைப் பங்கு, அதாவது 0.5 பிபிஎம் அளவே சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைச் சுருக்கப் போதும். தொழிற்கூடங்களில் உடனடி உயிராபத்து என்று வைத்திருக்கும் எல்லை 100 பிபிஎம். எரிமலை வாயின் அருகே காற்று திரும்பிய கணத்தில் அளவு பல மடங்கு தாவும். ஒரு நிமிடம் முன்பு தெளிவாக இருந்த இடத்தில் அடுத்த நிமிடம் கை நீட்டினால் விரல் தெரியாது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் நயவஞ்சகமானது. மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம்மைத் தாண்டும்போது மோப்ப நரம்பு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். 'இப்போ வாசனை இல்லை, பரவாயில்லை' என்று உட்கார்ந்துவிடுவது இங்கேதான் நடக்கிறது. (வெள்ளிக் கொலுசும் மோதிரமும் இங்கே கறுத்துப்போவது இதே வாயுவால்தான். தங்கம் தப்பிக்கும்.)

மூன்றாவது கார்பன் டை ஆக்சைடு. நிறமில்லை, மணமில்லை. இவை மூன்றுமே காற்றைவிடக் கனமானவை. காற்றோட்டமில்லாத குளிர்ந்த இரவுகளில் பள்ளங்களில் தண்ணீர்போலத் தேங்கும். அதே ஜாவாவின் தியெங் மேட்டுநிலத்தில் 1979 பிப்ரவரியில் சினிலா வெடித்தபோது, தப்பி ஓடிய கிராமத்தார் 140 பேருக்கும் மேல் வழியிலேயே மடிந்தது இந்த வாயுவால். ஆகவே பாறைக்குழியில் காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து களைப்பாறுவது, பொருள் விழுந்ததென்று தாழ்வான இடத்தில் குனிந்து தேடுவது, குழந்தையைத் தரையில் உட்கார வைப்பது மூன்றும் இங்கே கூடாது. எங்களைக் கேட்டால், குழந்தைகளை எரிமலை வாயின் அடிப்பள்ளத்துக்கு அழைத்துப் போகவே கூடாது. உயரம் குறைவு, உடல் எடைக்கு அவர்கள் இழுக்கும் காற்று அதிகம்.

முகமூடி

அடிவாரத்தில் முகமூடி வாடகைக்குக் கிடைக்கும். அது முகமூடிதானா என்பதுதான் கேள்வி.

துணி மாஸ்க், அறுவை சிகிச்சை மாஸ்க், என்95 எல்லாம் தூசுக்கானவை. வாயு அவற்றின் வழியே தடையில்லாமல் உள்ளே போகும். வேண்டியது ரப்பர் அல்லது சிலிக்கான் முகப்பகுதியும், அமில வாயுவுக்கான கார்ட்ரிட்ஜும் (வாயுவை உறிஞ்சும் வடிகட்டிக் குப்பி) கொண்ட முகமூடி. கார்ட்ரிட்ஜில் உள்ள நிறப்பட்டையைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் மஞ்சள் பட்டை கந்தக டை ஆக்சைடுக்கு, சாம்பல் பட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ளிட்ட வாயுக்களுக்கு, வெள்ளை தூசுக்கு. மூன்றும் சேர்ந்த கலப்பு கார்ட்ரிட்ஜ் இருந்தால் நல்லது. அமெரிக்க முறையில் நிறங்கள் வேறு: அங்கே வெள்ளைதான் அமில வாயு, மஞ்சள் என்றால் அமில வாயுவோடு கரிம ஆவியும் சேர்ந்தது. ஐரோப்பிய வெள்ளையை அமெரிக்க வெள்ளை என்று நினைத்து வாங்கினால் தூசு வடிகட்டியோடு வாயுவுக்குள் போவீர்கள். பெயின்ட் அடிக்கப் பயன்படுத்தும் பழுப்பு அல்லது கறுப்புப் பட்டை கார்ட்ரிட்ஜ் இங்கே உதவாது. அமில வாயு கார்ட்ரிட்ஜ் பலவற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு நேரே 'தப்பிச் செல்ல மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். அங்கே நின்று வேடிக்கை பார்ப்பதற்கு அது அனுமதி அல்ல.

வாடகை முகமூடியின் பெரிய குறை கார்ட்ரிட்ஜின் வயது. உறையைப் பிரித்த நாளிலிருந்தே உள்ளிருக்கும் கரித்துகள் ஈரத்தையும் வாயுவையும் உறிஞ்சத் தொடங்கிவிடும். எத்தனை பேர் எத்தனை இரவு போட்டார்கள் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் உறை பிரிக்காத கார்ட்ரிட்ஜ் ஒரு ஜோடியை ஊரிலிருந்தே வாங்கிப் போவது நல்லது. முகமூடியும் அதே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் மரை பெரும்பாலும் பொருந்தாது.

போட்டுக்கொண்டபின் இரண்டு சோதனைகள். இரு கார்ட்ரிட்ஜையும் உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சை இழுத்து 10 விநாடி நிறுத்துங்கள். முகமூடி முகத்தோடு ஒட்டிச் சுருங்கியபடியே இருக்க வேண்டும். பிறகு வெளிமூச்சு வால்வை மூடி மெல்ல ஊதுங்கள். ஓரங்களில் காற்று கசியக் கூடாது. தாடி இருந்தால் இந்தச் சோதனையில் தேறவே முடியாது. இரண்டு நாள் முள்தாடியே போதும் கசிவதற்கு. மலைக்குப் போகும் நாள் காலையில் மழித்துக்கொள்ளுங்கள், அல்லது விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முகமூடி ஆக்சிஜனை உண்டாக்காது. கார்பன் டை ஆக்சைடைத் தடுக்காது. கண்ணுக்குக் காற்றுத்துளை இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி தனியே வேண்டும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியோடு போங்கள். முகமூடி பழுதானால் நனைத்த துண்டு ஓரளவு உதவும், ஏனென்றால் கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் நன்றாகக் கரையும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அவ்வளவாகக் கரையாது. ஆகவே துண்டு வெளியேறும் வழிக்கு மட்டும்.

வழிகாட்டி கையில் வாயு மீட்டர் இருந்தால், அது எதை அளக்கிறது என்று கேளுங்கள். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் நான்கு வாயு மீட்டரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் இருக்காது. மீட்டர் சும்மா இருக்கிறது என்பதற்காகக் காற்று சுத்தம் என்று பொருளில்லை.

'நார்மல்' என்ற சொல்

இந்தோனேசியாவில் எரிமலைகளுக்குக் கீழிருந்து மேலாக நான்கு எச்சரிக்கை நிலைகள்: நார்மல், வஸ்பதா, சியாகா, அவாஸ். அரசின் எரிமலைத் துறை இவற்றை 'மக்மா இந்தோனேசியா' தளத்தில் வெளியிடுகிறது. கிளம்பும் நாளன்று பார்க்க வேண்டியது அதைத்தான், ஹோட்டல் வரவேற்பறையில் கேட்பதை அல்ல. நிலையின் எண்ணோடு நிறுத்தாமல் கீழே உள்ள பரிந்துரையையும் படியுங்கள். இஜெனுக்கு முதல் நிலையிலேயே, விளிம்பை நெருங்காதே, அடிப்பள்ளத்துக்கு இறங்காதே என்பதுதான் வழக்கமான பரிந்துரை. நீலத் தீச் சுற்றுலா முழுவதும் அந்தப் பரிந்துரைக்கு எதிர்த்திசையில் நடக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, தெரியாமல் போவது வேறு.

முதல் நிலை என்றால் வெடிக்காது என்று அர்த்தமில்லை. ஜப்பானில் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று, இலையுதிர்கால நிறங்களைப் பார்க்க ஏறிய கூட்டம் சிகரத்தில் இருந்த நண்பகலுக்குச் சற்று முன் வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 63 பேர். அன்று அதன் எச்சரிக்கை நிலை 1. அதற்குப் பிறகுதான் ஜப்பான் முதல் நிலையின் விளக்கத்திலிருந்து 'இயல்பு' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் கொள்க' என்று மாற்றியது. நியூசிலாந்தின் வகாரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். அங்கே மூன்று வாரம் முன்பே நிலை 2-க்கு உயர்த்தப்பட்டிருந்தும் சுற்றுலா நிற்கவில்லை. சுமத்ராவின் மராபியில் 2023 டிசம்பர் 3 அன்று 24 பேர் இறந்தபோது, வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகாதே என்ற பரிந்துரை நடப்பில் இருந்தது.

ஒன்டாகேயிலும் வகாரியிலும் நடந்தது நீராவி வெடிப்பு. நிலத்தடியில் அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரிக்கு மேலும் நீராகவே இருக்கும். மேல்மூடி விரிசல் விட்டதும் ஒரே நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். குக்கர் மூடியை விசிலோடு பிடுங்கியதுபோல. புதுக் குழம்பு மேலேறி வரத் தேவையில்லை. அதனால் நிலநடுக்கக் கருவிகளுக்கு முன்கூட்டிச் சொல்ல அதிகம் கிடைப்பதில்லை. இஜெனின் வாயில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் அமில ஏரியே இருக்கிறது. பேட்டரி அமிலத்துக்கு இணையான நீர். 2018 மார்ச்சில் அந்த ஏரியிலிருந்து கிளம்பிய வாயு மலையடிவாரக் கிராமம் வரை இறங்கி, பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. நூற்றுக்கணக்கானோர் வெளியேற வேண்டியதாயிற்று.

நாம் கையில் வைத்திருக்கும் ஒரே கட்டுப்பாடு, வாய்க்கு அருகே எத்தனை நிமிடம் இருக்கிறோம் என்பதுதான். 20 நிமிடத்தில் பார்க்க முடிந்ததை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஆபத்து ஆறு மடங்கு.

வெடித்துவிட்டால் முதல் சில விநாடிகளில் ஓடுவதைவிட மேலே பார்ப்பது முக்கியம். வெடிப்பில் பறக்கும் கற்கள் வில்போல வளைந்து வந்து விழும். முதுகைக் காட்டி ஓடினால் எது வருகிறதென்று தெரியாது. வாய்க்கு எதிர்ப்புறத்தில் பெரிய பாறை மறைவு தேடி, உடலைச் சுருக்கி, முதுகுப்பையால் தலையை மூடுங்கள். கல்மழை ஓய்ந்ததும் ஓடைப்பள்ளங்களை விட்டு, மேட்டு வழியாக இறங்குங்கள். ஃபோனை எடுக்க வேண்டாம்.

வழியும் நேரமும்

பல்துடிங்கிலிருந்து விளிம்பு வரை 3 கிலோமீட்டர், ஏறத்தாழ 500 மீட்டர் ஏற்றம். முதல் 2 கிலோமீட்டர் செங்குத்து. சாதாரண நடைக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். விளிம்பிலிருந்து அடிப்பள்ளத்துக்கு இறங்கும் பாதை படிகூட அல்ல, அடுக்கிவைத்ததுபோல் கிடக்கும் பாறைகள். அந்தப் பாதையில் 70, 80 கிலோ கந்தகக் கூடையைத் தோளில் சுமந்துகொண்டு தொழிலாளிகள் ஏறி வருவார்கள். அவர்களால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. வழிவிடும்போது மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. விளிம்பில் மண் உதிரும் தன்மையது; படமெடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்து உயிர்விட்டவர்கள் உண்டு. கந்தகம் எடுக்கத் தொழிலாளிகள் பதித்திருக்கும் குழாய்களில் சொட்டும் ஆரஞ்சு நிறக் கந்தகம் 115 டிகிரிக்கு மேல் உருகியது. தோலில் விழுந்தால் பிய்த்தெடுக்காமல் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். ஏரி நீர் கண்ணில் பட்டாலும் அதேபோல் சுத்தமான நீர்தான் மருந்து. ஆளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வைத்திருக்கச் சொல்வது குடிக்க மட்டும் அல்ல.

ஜாவா நேரம் பாலியைவிட ஒரு மணி நேரம் பின்னால். வேன் கிளம்பும் நேரம் எந்தத் தீவின் நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூங்காமல் ஏழெட்டு மணி நேரம் பயணம் செய்து, குளிரில் மேடேறி, இருட்டில் பாறையில் இறங்குவதுதான் பலருக்குக் கால் இடறக் காரணம். ஒருநாள் முன்னதாகவே ஜாவா பக்கத்து ஊரான பாஞுவாங்கியில் வந்து தங்கிவிடுங்கள்.

எங்கள் யோசனை இன்னும் எளிது. நீலத் தீயை விட்டுவிடுங்கள். (விளிம்பை நெருங்குவதும் அந்தப் பரிந்துரைக்கு மாறானதுதான். ஆனால் பள்ளத்துக்குள் இறங்குவதைவிட ஆபத்து குறைவு.) விடியலில் விளிம்பை அடையும்படி கிளம்பினால், இருட்டு விலகும்போது ஏரியின் பச்சை நீல நிறம் கண்முன் திறக்கும். காற்று முதுகுப்பக்கமிருந்து அடிக்கும் இடமாகப் பார்த்து நின்று ரசித்துவிட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். இருட்டில் தெரியாத அந்த ஏரிதான் இஜெனின் மிக அழகான பகுதி என்பது எங்கள் கருத்து.

வீசிங், இதய நோய், கர்ப்பம் இருந்தால் விளிம்புகூட வேண்டாம். நுழைவுக்குக் கேட்கும் மருத்துவச் சான்றை நம்ப வேண்டாம். இரத்த அழுத்தமும் நாடியும் பார்த்துக் கொடுக்கும் தாள் நுரையீரலைப் பற்றி எதுவும் சொல்லாது. இன்ஹேலர் பயன்படுத்துகிறவர் அதைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும், வேனில் உள்ள பெட்டியில் அல்ல.

வாயுவை அதிகம் சுவாசித்தவருக்கு அன்று காலை வெறும் இருமலோடு போய்விடலாம். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துத் தொடங்கக்கூடும். இறங்கிய பின் ஒருநாள் முழுக்க, இருமல் கூடுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, நுரைத்த சளி வருகிறதா என்று கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் பாலிக்குத் திரும்பும் படகைத் தவிர்த்துவிட்டு பாஞுவாங்கியிலேயே மருத்துவமனைக்குப் போய், முதல் வாக்கியமாக 'இஜெனில் கந்தகப் புகையைச் சுவாசித்தேன்' என்று சொல்லுங்கள்.