முன்னுரை ஏன் முன்னால் இருக்கிறது?

அக்கா மகள் வேலூரில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், "மாமா, அசைன்மென்ட் முழுசா எழுதிட்டேன், முன்னுரைதான் சரியா வரல, நீங்க பார்த்து ரெண்டு வரி சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினாள். தலைப்பு, பாலாறும் தோல் தொழிலும். முதல் வரியில் ஒரு குறள். அடுத்து, 'மனித வாழ்வுக்கு நீர் இன்றியமையாதது.' அதற்கடுத்து, 'நீரின் சிறப்பை இக்கட்டுரையில் காண்போம்.' பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் எழுதிய அதே முன்னுரை. நீர் என்று வருகிற இடத்தில் மரம் என்று போட்டால் மரத்துக்கும் ஆகும்.

இரண்டு வரி சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் படிக்கிறவர் மண்டைக்குள் முன்னுரை என்ன வேலை செய்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஆகவே அவள் மாட்டிக்கொண்டாள்.

நீங்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள்: "முதலில் இடத்தைத் தயார் செய்ய வேண்டும். ஈரம் மிஞ்சினால் கலங்கிவிடும், காய்ந்திருந்தால் நிற்காது. எண்ணிக்கையை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது, பாதியில் மாற்றினால் எல்லாம் கோணிக்கொள்ளும். கை தயங்கினால் அந்த இடம் மட்டும் தடித்துவிடும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சாயங்காலத்துக்குள் பாழாகிவிடும், அதற்காக வருத்தப்படக் கூடாது."

புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பாதிப் பேருக்குக் கையில் ஒன்றும் சிக்கியிருக்காது. விஷயம் கோலம். இப்போது மறுபடி படித்தால் ஈரம் வாசல் தெளித்த ஈரமாகிவிடும், எண்ணிக்கை புள்ளிக் கணக்காகிவிடும்.

அமெரிக்காவில் ஜான் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1972-இல் இதே விளையாட்டைச் சோதனையாகவே செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது துணி துவைப்பது. ஒரு பிரிவுக்கு விஷயம் இன்னதென்று முதலிலேயே சொன்னார்கள், இன்னொரு பிரிவுக்குக் கேட்டு முடித்த பிறகு சொன்னார்கள், மூன்றாவது பிரிவுக்குச் சொல்லவே இல்லை. முதலில் தெரிந்துகொண்டவர்களுக்கு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவில் நின்றது. அது நாம் எதிர்பார்ப்பதுதான். எனக்கு ஆச்சரியம் நடுப் பிரிவுதான்: கடைசியில் சொல்லியும் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை, விஷயம் இன்னதென்று கேட்கவே கேட்காதவர்கள் எங்கே நின்றார்களோ அங்கேயே இவர்களும் நின்றார்கள்.

ஏன் அப்படி? படிக்கும்போது சொற்களைக் கையில் வைத்துக்கொள்ள நமக்கு இருப்பது செயல் நினைவு. அது சின்ன இடம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு உருப்படி, கொஞ்சம் கூடக் குறைய, என்றார். 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் நாலுதான் தேறும் என்று வாதிட்டார். அங்கே வருகிற சொல், ஏற்கெனவே நமக்குத் தெரிந்த ஏதாவதொன்றில் போய் மாட்டிக்கொள்ளாவிட்டால், பின்னால் வருகிற சொல் அதைத் தள்ளிவிடும். கோலம் என்று முதலிலேயே கேட்டவர் மனசில் வாசல், புள்ளி, மாவு என்று வரிசையாக ஆணி அடித்துத் தயாராக இருக்கிறது, வருகிற சட்டையை எல்லாம் அதில் மாட்டிவிடுகிறார். கடைசியில் கேட்டவருக்கும் ஆணி கிடைக்கிறது, மாட்டச் சட்டைதான் இல்லை, அது எப்போதோ கீழே விழுந்து போய்விட்டது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு, வினைமுற்று கடைசியில் வருகிறது. நாலு வரி நீள வாக்கியத்தில் 'அழிந்தது' என்றா 'தப்பியது' என்றா முடியப் போகிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். முதல் வாக்கியமே இப்படி இருந்தால் படிக்கிறவர் பாவம். தமிழ் வாசிப்பை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளக்க நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் தாராளமாகக் காசு செலவழிக்கலாம் என்பது என் நெடுநாள் புலம்பல்.

சரி, பாலாற்றுக்கு வருவோம். 'நீர் இன்றியமையாதது' என்றதும் படிக்கிறவர் மழை, விவசாயம், குடிநீர் என்று ஊர்ப்பட்ட ஆணி அடித்துவிடுகிறார். இரண்டாவது பத்தியில், தோல் பதனிடப் பயன்படுகிற குரோமியம் வருகிறது. அதை எதில் மாட்டுவது? அவளும் நானும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"பாலாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும், கரையோர ஊர்கள் நம்பியிருப்பது அந்த மணலுக்கு அடியில் உள்ள நீரை. தோல் தொழிற்சாலைக் கழிவு அதில் கலந்தது வழக்கானது, மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தும் கிணற்று நீர் ஏன் உடனே தேறவில்லை? இக்கட்டுரை அதற்கு மண்ணுக்குள் காரணம் தேடுகிறது."

மணல், கழிவு, தீர்ப்பு, கிணறு. நாலே ஆணி, நாலுக்கும் பின்னால் சட்டை வருகிறது. கடைசிக் கேள்விக்கும் காரணம் உண்டு. கொஞ்சம் தெரிந்து, மிச்சம் தெரியாமல் இருக்கும்போதுதான் ஆர்வம் அரிக்கும் என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் எழுதினார். தண்ணீர் தேவையா என்று கேட்டால் யாருக்கும் அரிக்காது.

இன்னொன்றும் சொன்னேன். எந்தச் சட்டை வரும் என்று தெரியாமல் ஆணி அடிக்க முடியாது, அதனால் முன்னுரையைக் கடைசியாக எழுது. பிள்ளையார் சுழியை வேண்டுமானால் முதலில் போட்டுக்கொள். அவள் தோழி ஒருத்தி ராகு காலம் கழிந்த பிறகுதான் பேனாவைத் திறப்பாளாம். அதற்குள் பொருளுரையில் பாதி முடிந்திருக்குமே என்றால் சிரிக்கிறாள்.

ராத்திரி பத்தரைக்கு வாட்ஸாப்பில் மொத்தக் கட்டுரையும் வந்தது. முன்னுரை நாங்கள் பேசியபடியே இருந்தது. குறள் மட்டும் விடவில்லை, முடிவுரைக்குப் போய் உட்கார்ந்திருந்தது.