துடுப்பு மேலே, படகு முன்னே

"துடுப்பு தண்ணிக்கு மேல இருக்கிறப்பதான் போட் பாயுது, பாருங்க" என்று அண்ணி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொழும்பு பேரை வாவியில் அவருடைய மகள் தனிப் படகில் (ஒருவரே இரண்டு துடுப்பால் ஓட்டுவது) போட்டியிடுகிறாள். நோர்வூட்டில் வீட்டார் எல்லாரும் ஒரே கைபேசியைச் சுற்றி நிற்கிறோம். மற்றவர்களின் கண் துடுப்பு தண்ணீரை வெட்டும் இடத்தில். அண்ணி பார்த்தது படகின் மூக்கை. அவர் சொன்னது சரி.

தனிப் படகு விதிப்படி குறைந்தது 14 கிலோ இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த எடையை ஒட்டித்தான் செய்கிறார்கள். ஓட்டுகிற பெண் 60 கிலோ என்றால், படகைப் போல நான்கு மடங்கு எடை அதன்மேல் முன்னும் பின்னும் நகர்கிறது. இருக்கைக்குச் சக்கரம் உண்டு, பாதங்கள் மட்டும் ஒரு பலகையில் கட்டப்பட்டிருக்கும். முகம் படகின் பின்பக்கம் பார்த்திருக்கும்.

துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, காலால் பலகையை உதைக்கும்போது அந்த உதை படகைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதனால் இழுப்பின் தொடக்கத்தில்தான் படகு மிக மெதுவாகப் போகிறது. துடுப்பை வெளியே எடுத்த பிறகு, அடுத்த இழுப்புக்காக முழங்காலை மடக்கிப் படகின் பின்பக்கம் நகர்கிறாள். அப்போது பலகையைத் தன் பக்கம் இழுக்கிறாள். உடல் பின்னே போகப் படகு முன்னே போகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கிற சின்ன வள்ளத்தில் மூக்கிலிருந்து வால்பக்கம் நடந்து பாருங்கள், வள்ளம் முன்னால் நழுவும். அதே சங்கதிதான்.

ஆளையும் படகையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அந்த நேரத்தில் வேகம் குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் தண்ணீரை உரசுவது படகு மட்டுமே, அதன் வேகமோ கூடுகிறது. நஷ்டம் தொடங்குவது இங்கேதான். தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கப்படி ஏறும், அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனப்படி, அதாவது மூன்று தடவை பெருக்கிய அளவில், ஏறும். பத்து வீதம் வேகமாகப் போக முப்பத்து மூன்று வீதம் கூடுதல் வலு வேண்டும். ஒரு படகு செக்கனுக்கு 5 மீற்றரில் சீராகப் போகிறது. இன்னொன்று பாதி நேரம் 4-லும் பாதி நேரம் 6-லும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஒன்றுதான். ஆனால் வேகத்தின் கனத்தைச் சராசரி எடுத்துப் பார்த்தால் முதலாவதற்கு 125, இரண்டாவதற்கு 140. பன்னிரண்டு வீத உழைப்பு வீண். அடுத்த இழுப்புக்கு நகரும்போது அவசரப்படாதே என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் கத்துவது இதற்காகத்தான்.

இதற்கு ஒரு மாற்று வழி இருந்தது. இருக்கையை அசையாமல் வைத்துவிட்டு, துடுப்பைத் தாங்கும் சட்டத்தையும் கால் பலகையையும் நகர விடுவது. 60 கிலோவுக்குப் பதில் சில கிலோ மட்டும் ஆடும், படகு சீராகப் போகும். மேற்கு ஜெர்மனியின் பீட்டர் மிக்கேல் கோல்பே 1981-ல் அப்படிப்பட்ட படகில் உலகப் பட்டம் வென்றார். 1983 இறுதிப் போட்டியில் ஆறு பேருமே அதில்தான் வந்தார்கள். உடனே தடை! செலவு கூடும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். எனக்கென்னவோ நல்ல ஒரு பொறியியலை அநியாயமாக மூட்டை கட்டிவிட்டார்கள் என்றே படுகிறது.

கரையிலிருந்து பார்க்கிறவருக்கு இன்னொரு தடயமும் உண்டு. ஒவ்வொரு இழுப்பும் தண்ணீரில் இரண்டு சுழிகளை விட்டுச் செல்லும். 2000 மீற்றரை எட்டு நிமிடத்தில், நிமிடத்துக்கு 28 இழுப்பாகப் போனால் ஒரு இழுப்பின் சுழிக்கும் அடுத்த இழுப்பின் சுழிக்கும் இடையே ஒன்பது மீற்றர் வரும். இழுப்பின் எண்ணிக்கை குறையாமலே அந்த இடைவெளி சுருங்கினால் பிள்ளை களைத்துவிட்டாள் என்று அர்த்தம்.

சரி, இதே போட்டியை நுவரெலியா கிரகரி வாவியில் வைத்தால்? வாவியின் தண்ணீர் 18 பாகை, கொழும்பில் 28 என்று கொள்வோம். குளிர்ந்த நீரின் பிசுக்குத்தன்மை கால் பங்கு கூடுதல். உராய்வு அந்த அளவுக்கு ஏறாது, மூன்று நான்கு வீதம்தான். எட்டு நிமிடப் போட்டியில் நாலைந்து செக்கன் போய்விடும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் காற்றுத் தடை குறைந்து இரண்டு மூன்று செக்கன் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதே மெலிந்த காற்றில் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்தப் போட்டிக்கான சக்தியில் பெரும்பகுதி ஒட்சிசனிலிருந்து வருவதால், கொழும்பிலிருந்து நேரே ஏறி வந்து துடுப்புப் போடுகிறவர் கடைசி 500 மீற்றரில் திணறுவார். இரண்டு மூன்று கிழமை மேலேயே தங்கிப் பழகினால் திணறல் குறையும், முழுக்கப் போகாது.