ஊடுகடத்தும் ஃபேஜ்

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் நம் பிள்ளைகள் மலாயில் ‘திரான்ஸ்டுக்சி’ என்று படிப்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தரும் சொல் ‘ஊடுகடத்தல்’. நல்ல சொல். லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘டூசெரெ’ என்றால் நடத்திச் செல்வது. ஒரு பாக்டீரியாவின் மரபணுவை வைரஸ் ஒன்று இன்னொரு பாக்டீரியாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதை 1952இல் நார்ட்டன் சிண்டரும் ஜோஷுவா லெடர்பர்க்கும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவில் கண்டு, இப்பெயரை இட்டார்கள். வெறும் ‘கடத்தல்’ என்றால் ஆள்கடத்தல் செய்திதான் நினைவுக்கு வரும். ‘ஊடு’ சேர்ந்ததும் நடுவில் ஒன்று சுமந்து போவது விளங்கிவிடுகிறது.

சுமப்பது பாக்டீரியோஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்; சுருக்கமாக ஃபேஜ். கிரேக்கத்தில் ‘ஃபாகெய்ன்’ என்றால் உண்ணுதல். 1917இல் ஃபெலிக்ஸ் டெரெல் வைத்த பெயர் இது. சிலர் ‘பாக்டீரியா உண்ணி’ என்று எழுதுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு உண்ணி என்றால் மாட்டின் காதில் ஒட்டியிருப்பது. ஃபேஜ் என்றே இருக்கட்டும்.

குறிப்பிட்ட சில மரபணுக்களை மட்டும் ஃபேஜ் சுமந்து போகும் ‘ஸ்பெஷலைஸ்ட்’ வகையைச் ‘சிறப்பு ஊடுகடத்தல்’ என்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. அங்கே இருப்பது சிறப்பு அல்ல, வரம்பு. லாம்டா ஃபேஜ் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் டிஎன்ஏவில் கால், பயோ என்ற மரபணுப் பகுதிகளுக்கு நடுவே பதிந்துகொள்ளும். திரும்ப வெளியேறும்போது எப்போதாவது வெட்டு தவறிவிடும். நெருக்கி நட்ட கீரையைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியும் சேர்ந்து வருமே, அப்படிக் காலோ பயோவோ கூட வரும். தூரத்து மரபணு வராது. ஆகவே ‘வரையறுத்த ஊடுகடத்தல்’ என்பதே பொருந்தும்.

உட்சவ்வும் வெளிச்சவ்வும் கொண்ட பாக்டீரியா மேலுறையை ஆராய்வோருக்கு இந்த வரம்பே வசதி. ஃபை80 என்ற ஃபேஜ் பதியும் இடம் டான்பி மரபணுவுக்குப் பக்கத்தில்; அதனால் அந்த மரபணுவை அது எடுத்து வரும். இரும்பை உள்ளே இழுக்கும் மேற்பரப்புப் புரதங்களுக்கு ஆற்றல் கொடுப்பது டான்பி. டி1 என்ற ஃபேஜ் தாக்கியும் சாகாத பாக்டீரியாக்களில் முதலில் தெரிந்ததால், ‘டி-ஒன்’ என்பதிலிருந்து வந்த பெயர் அது. வேறு மரபணு வேண்டுமா? லாம்டாவின் வழக்கமான இடத்தை நீக்கிவிட்டால், அரிதாக வேறு இடங்களில் பதிந்து அங்குள்ள அண்டை மரபணுவை எடுத்து வரும்.

அப்புறம் சோதனை. மேலுறை பழுதான பாக்டீரியாவுக்குள் அந்த ஃபேஜ் புகுந்ததும் பழுது சரியானால், தேடிய மரபணு அந்தத் துண்டில் இருக்கிறது. அது செய்யும் புரதத்தையும் பார்க்கலாம். பாக்டீரியாவின் டிஎன்ஏவைப் புற ஊதா ஒளியால் சிதைத்துவிட்டு ஃபேஜை ஏற்றினால், பெரும்பாலும் ஃபேஜ் கொண்டுவந்த மரபணுக்களே புரதம் செய்யும். கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்தால் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும்போது புதுப் புரதம் மட்டும் தனிப் பட்டையாகத் தெரியும். உட்சவ்வையும் வெளிச்சவ்வையும் பிரித்தெடுத்து, அந்தப் பட்டை எதில் இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம்.